ஸ்டட்டருக்கு ‘இடறல்’ பொருந்துமா? ‘லேக்’கைப் பிரித்துப் பேச ஒரு முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கணினியில் கேம் ஆடுவோருக்காக ஒரு வழிகாட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்தச் செயலி, எந்த வரைகலை அட்டை, அமைப்புகளில் எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்பதுதான் பொருள். மற்ற சொற்கள் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. சீராக ஓடும் ஆட்டம் ஒரு கணம் நின்று நகர்வதைச் சொல்லும் ஸ்டட்டருக்கு மட்டும் உங்கள் யோசனை வேண்டும். என் முன்மொழிவு ‘இடறல்’. ஏன் என்று விளக்க மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம்மிடம் புழங்குவது ஒரே பேச்சு: ‘லேக் அடிக்குது’. மவுஸை நகர்த்திச் சற்று நேரம் கழித்துப் பார்வை திரும்பினால் லேக். இணையத்தில் ஆடும்போது எதிராளி இங்கே மறைந்து அங்கே முளைத்தால் லேக். ஆட்டம் தொடக்கம் முதலே மந்தமாக ஓடினாலும் லேக்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒரு திருப்பத்தில் சட்டென்று நின்று நகர்ந்தாலும் அதே லேக். நான்குக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. ஒருவர் ‘லேக்’ என்று கேட்கிறார், இன்னொருவர் ‘கிராபிக்ஸ் கார்டை மாத்துங்க’ என்கிறார். புது அட்டை வந்து, பணமும் போய், அதே திருப்பத்தில் அதே நிற்றல். கேட்டவருக்குத் தன் சிக்கலைச் சொல்ல ஒரு சொல் இருந்திருந்தால் இந்தச் செலவு நேர்ந்திருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

ஸ்டட்டர் என்பது என்ன என்று ஒரு நொடியைப் பிரித்துப் பார்த்தால் விளங்கும். திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்தான் ஃப்ரேம்கள். அவற்றில் 59 ஒவ்வொன்றும் 15 மில்லிநொடியில் வந்துவிடுகின்றன. மொத்தம் 885 மில்லிநொடி. அறுபதாவது ஃப்ரேம் மட்டும் 115 மில்லிநொடி எடுக்கிறது. ஆக ஒரு நொடிக்கு 60 ஃப்ரேம். திரையின் மூலையில் இருக்கும் எண் 60 என்றே காட்டும், குறை சொல்ல இடமே இல்லாததுபோல. ஆனால் ஆடுபவர் கண்ணில் அந்த 115 மில்லிநொடி பளிச்சென்று படும். வண்டி வளைவில் திரும்பும் நேரமாக இருந்தால் சுவரில் போய் மோதியிருப்பார்.

சராசரியை மட்டும் பார்த்து அட்டைகளை மதிப்பிடும் பழக்கம் நெடுநாள் இருந்தது. ‘டெக் ரிப்போர்ட்’ தளத்தில் ஸ்காட் வாசன் 2011இல் ஒவ்வொரு ஃப்ரேமும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைத் தனித்தனியாக அளந்து வரைபடமாகப் போட்டுக் காட்டினார். அதன் பிறகுதான் மற்ற மதிப்பாய்வாளர்களும் ஃப்ரேம் நேரத்துக்குத் திரும்பினார்கள். இன்று எந்த மதிப்பாய்வைத் திறந்தாலும் சராசரிக்குப் பக்கத்தில் ‘1% லோ’ என்று இன்னொரு எண் இருக்கும். மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு ஃப்ரேம்களின் வேகத்தைக் காட்டும் எண் அது. அட்டை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து. சராசரி 90, கடைநிலை (அந்த ‘1% லோ’) 70 உள்ள கணினி, சராசரி 120, கடைநிலை 35 உள்ளதைவிட ஆட இதமானது.

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘திக்கல்’ நேர்ப்பொருள், ஆனால் அது பேச்சோடு ஒட்டிப்போன சொல். திக்கிப் பேசுபவர்களின் அன்றாடச் சிரமத்தை ஒரு கணினிக் குறைக்குப் பெயராக்க எனக்கு மனமில்லை. ‘வெட்டு’ பேச்சில் இருக்கிறது (‘வெட்டி வெட்டி ஓடுது’), ஆனால் காட்சி வெட்டு, மின்வெட்டு என்று ஏற்கெனவே பல வேலை பார்க்கிறது. ‘திணறல்’ நல்ல சொல்தான், ஆனால் தாங்க முடியாத சுமையைத் தொடர்ந்து சுமப்பதைக் காட்டுகிறது. ஆட்டம் முழுக்க 22 ஃப்ரேமில் ஓடுகிறதே, அதற்குத்தான் அது பொருத்தம். அங்கே எதுவும் நடுவில் நிற்பதில்லை, ஆரம்பம் முதலே மூச்சு வாங்குகிறது.

‘இடறல்’ அப்படியல்ல. நன்றாக நடந்துகொண்டிருப்பவருக்குத்தான் கால் இடறும். ஓட்டம் சரியாக இருக்கிறது, ஒரு கணம் தப்புகிறது, மறுபடி தொடர்கிறது. ஸ்டட்டரின் இயல்பு அத்தனையும் இதில் வந்துவிடுகிறது. வினையாகவும் வளைகிறது: ஆட்டம் இடறுகிறது, இடறாமல் ஓடுகிறது, இடறும் இடம். எழுதிப் பார்த்ததில் ஒரு வாக்கியத்தையும் முறிக்க வேண்டியிருக்கவில்லை.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

—

மறுமொழி

வணக்கம் ஐயா. ‘இடறல்’ காதுக்கு இசைவாகவே இருக்கிறது. ஆனாலும் சில ஐயங்கள்.

முதலாவது, ‘தடுமாற்றம்’ போதாதா? எல்லாருக்கும் தெரிந்த சொல்லை விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடுவது ஏன்?

இரண்டாவது, தமிழில் பேசிக்கொண்டு ஆடும் பிள்ளைகள் ஸ்டட்டர் என்றே சொல்கிறார்கள். நாம் பட்டியலில் போடும் சொல் பட்டியலிலேயே தங்கிவிடும் என்ற கவலை எனக்கு உண்டு. உங்கள் மடலிலேயே ஃப்ரேம் அப்படியே இருக்கிறதே! அதற்குச் ‘சட்டகம்’ என்ற சொல் ஏற்கெனவே உண்டு. ஒன்றைத் தமிழாக்கி மற்றொன்றை விடுவது என்ன முறை?

மூன்றாவது, நீங்கள் தொடாமல் விட்டது பாட்டில்நெக், அதாவது மொத்த வேகத்தையும் கட்டிப்போடும் பாகம். கேமுக்குக் கணினி வாங்குவது பற்றிய பேச்சு அதில்தான் தொடங்குகிறது. ‘குப்பிக்கழுத்து’ என்று ஓரிடத்தில் படித்தேன், எனக்கு ஒப்பவில்லை. ‘முட்டுக்கட்டை’ என்றால் யாரோ வேண்டுமென்றே போட்டதுபோல் இருக்கிறது. உங்கள் வழிகாட்டியில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

இன்னொன்றும் உண்டு. இடறலுக்குக் காரணம் ஒன்றா பலவா? பலவென்றால் சொல் அவற்றைப் பிரித்துக் காட்ட இடம் தர வேண்டும். இல்லாவிட்டால் லேக் செய்த குழப்பத்தையே இதுவும் செய்யும்.

—

மறுமொழி

நன்றி அம்மா. கடைசிக் கேள்விதான் இருப்பதில் முக்கியமானது, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காரணங்கள் பல. ‘இடறல்’ முன்னொட்டுகளைத் தடையில்லாமல் ஏற்பதால் பிரித்துச் சொல்ல முடிகிறது. ஷேடர் இடறல் என்பது ஒன்று. அட்டையோடு பேச டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் என்ற இடைமுகங்களைப் பயன்படுத்தும் ஆட்டங்களில் புதிய வெடிப்போ ஒளியோ முதன்முறை திரைக்கு வரும்போது, அதை வரையும் ஷேடர் என்ற சிறு நிரலை அந்தக் கணத்தில்தான் உங்கள் அட்டைக்கேற்பத் தொகுக்க வேண்டியிருந்தால் ஃப்ரேம் காத்து நிற்கும். கண்டுபிடிப்பது எளிது: அதே இடத்துக்குத் திரும்பிப் போனால் இரண்டாம் முறை இடறாது. ஆட்டம் தொடங்கும்போது ‘ஷேடர் தயாராகிறது’ என்று ஒரு பட்டை ஓடினால் அதை முடிய விடுங்கள், தாண்டிப் போகாதீர்கள். டிரைவரைப் புதுப்பித்த பின் மறுபடி ஓடினாலும் பயப்பட ஒன்றுமில்லை, பழைய தொகுப்பு செல்லாமல் போனதால் அப்படி.

அட்டையின் நினைவகம் நிரம்பி வழிவதால் வருவது நினைவக இடறல். பொருள்களின் பரப்பில் ஒட்டும் படங்களின் தரத்தைக் கூட்டிக் குறைக்கும் டெக்ஸ்சர் அமைப்பு இங்கே விசித்திரமானது. நினைவகத்தில் இடம் இருக்கும்வரை அதை ‘அல்ட்ரா’வில் வைத்தாலும் வேகம் பெரிதாகக் குறையாது. இடம் தீர்ந்ததும் தரவு கணினியின் பொது நினைவகத்துக்கும் அட்டைக்கும் இடையே போய்வரத் தொடங்கும், அப்போது ஓட்டம் சிதறிவிடும். ஒரே ஒரு படி இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதைத் தெரியாமல் நிழல், மூடுபனி, ஒளித்தெறிப்பு எல்லாவற்றையும் குறைத்துப் படத்தையே பாழாக்கிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அட்டை வாங்கும்போதும் வேகத்துக்கு இணையாக நினைவக அளவைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பரந்த நிலப்பரப்பில் ஓடும்போது அடுத்த பகுதியை ஏற்றுவதில் வருவது இன்னொன்று. பழைய சுழல் வட்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறினால் இது வெகுவாகக் குறையும். முழுக்கப் போய்விடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், ஏற்றியதைப் பிரித்து அடுக்கும் வேலை செயலியுடையது.

பாட்டில்நெக்கிற்கு நான் எழுதியிருப்பது ‘இடுக்கு’. நெருக்கமான வழி என்ற பொருள் பேச்சிலேயே இருக்கிறது, குப்பி தேவையில்லை. செயலி இடுக்கு, அட்டை இடுக்கு என்று சொல்லலாம். எந்தக் கணினியிலும் ஏதாவது ஓர் இடுக்கு இருந்தே தீரும், இடுக்கே இல்லாத கணினி வேண்டும் என்று கேட்பதில் பொருளில்லை. எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆட்டம் ஓடும்போது அட்டையின் பயன்பாடு 95 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் இடுக்கு அட்டையில். அது 60, 70 என்று இருந்து, ஃப்ரேம் வரம்பு எதுவும் போடாமலேயே வேகம் ஏற மறுத்தால் செயலியில். இங்கே பலர் ஏமாறுவது, செயலியின் மொத்தப் பயன்பாடு 40 விழுக்காடு என்று பார்த்து ‘செயலி சும்மா இருக்கிறது’ என்று முடிவு கட்டுவதில். ஆட்டத்தின் நிரலில் ஒரே ஓர் இழை செயலியின் ஒரு கோரில் முழுவேகத்தில் ஓடி, மற்ற கோர்கள் அதற்காகக் காத்திருந்தாலும் மொத்தக் கணக்கு அப்படித்தான் வரும்.

இடுக்கு எங்கே என்று தெரியாமல் அமைப்புகளைத் தொடக்கூடாது. ரெசல்யூஷனைக் குறைத்தால் அட்டையின் சுமை குறையும்: 1920×1080இல் 20,73,600 புள்ளிகள், 3840×2160இல் அதன் நான்கு மடங்கு, 82,94,400. ஆனால் செயலியின் வேலை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 2018இல் வந்த டிஎல்எஸ்எஸ், 2021இல் வந்த எஃப்எஸ்ஆர் போன்ற, குறைந்த ரெசல்யூஷனில் வரைந்த படத்தைப் பெரிதாக்கும் நுட்பங்களும் அட்டைக்குத்தான் உதவும். செயலி இடுக்கில் இருப்பவர் கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தொலைவு, இயற்பியல் விளைவுகள் ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். புதுப் பாகம் வாங்கும் முன்பே, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் நினைவகத்தை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ இயக்கத்தில் இருக்கிறதா, நினைவகம் இரட்டைத் தடத்தில் (இரண்டு தகடுகள் இணையாக வேலை செய்யும்படி) பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. இரண்டும் காசில்லாமல் கிடைக்கும் வேகம்.

இந்த இடத்தில் ‘செயலி’யைப் பற்றியும் ஒரு வார்த்தை. செய்தித்தாள்களில் அது இப்போது கைப்பேசி ஆப்பைக் குறிக்கிறது. வன்பொருள் கட்டுரையில் முதல் முறை வரும்போது ‘மையச் செயலி’ என்று எழுதிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

‘தடுமாற்றம்’ ஏன் வேண்டாம்? அது முடிவெடுக்க முடியாத நிலைக்கும் செல்கிறது, தள்ளாட்டத்துக்கும் செல்கிறது. நீண்டு நிற்கக்கூடிய நிலை அது, இடறல் கணத்தில் நிகழ்வது. இந்த வேறுபாட்டை விட்டுக்கொடுத்தால் திணறலும் இடறலும் மறுபடி கலந்துவிடும்.

ஃப்ரேமை விட்டுவைத்தது தெரிந்தேதான். ஆட்டத்தின் அமைப்புத் திரையில் வாசகர் தேடப்போவது அந்தச் சொல்லை. ‘சட்டகம்’ ஃப்ரேம்வொர்க்குக்கும் ஓடுகிறது, புகைப்படச் சட்டத்தையும் நினைவூட்டுகிறது. இங்கே வேண்டியது ஓரம் அல்ல, ஒரு முழுப்படம். பொருத்தமான சொல் கிடைக்கும்வரை ஃப்ரேம் வீதம், ஃப்ரேம் நேரம் என்றே வைத்துக்கொள்வோம். விகிதம் என்று மட்டும் எழுத வேண்டாம், அது இரண்டு அளவுகளின் ஒப்பீடு. ஸ்டட்டர் நிலைமை வேறு: எந்த அமைப்புத் திரையிலும் அப்படி ஒரு பொத்தான் இருப்பது அரிது. மனிதர்கள் தங்கள் சிக்கலை விவரிக்கும் சொல் அது, விவரிப்பு அவரவர் மொழியில் வந்தால்தான் துல்லியமாக வரும். பிள்ளைகள் ஏற்பார்களா என்றால், ‘இடறுது’ சொல்ல ‘ஸ்டட்டர் ஆகுது’வைவிடச் சிறியது. அந்த ஒன்றை நம்புகிறேன்.

மீதமுள்ள இரண்டையும் சொல்லிவிடுகிறேன். டேரிங் என்பதற்குக் ‘கிழிசல்’. திரை ஒரு படத்தைக் காட்டி முடிப்பதற்குள் அட்டை அடுத்ததை அனுப்பிவிட, மேல்பாதி ஒன்றும் கீழ்ப்பாதி ஒன்றுமாகத் தெரிவது. அட்டையைத் திரையின் தாளத்துக்குக் காத்திருக்க வைக்கும் வி-சிங்க் அமைப்பைப் போட்டால் கிழிசல் போகும். ஆனால் 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 முறை படம் மாற்றும் திரையில், 16.7 மில்லிநொடிக் கெடுவை ஒரு ஃப்ரேம் நூலிழையில் தவறவிட்டாலும் அடுத்த கெடுவரை, அதாவது 33.3 மில்லிநொடிவரை, காத்திருக்கும். கிழிசலைத் தவிர்க்கப் போய் இடறலை வாங்கிக்கொள்கிறோம். 2013இல் என்விடியா அறிவித்த ஜி-சிங்க், பின்னர் ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் இரண்டும் திரையையே அட்டைக்காகக் காத்திருக்க வைத்து இதைத் தீர்த்தன. இப்போது திரை வாங்குபவர் இந்த வசதி இல்லாததை வாங்கவே வேண்டாம் என்பேன். வாங்கிய பின், விண்டோஸ் அமைப்பில் ஹெர்ட்ஸ் எண்ணைப் பாருங்கள், 144 ஹெர்ட்ஸ் திரை பல நேரம் 60இலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடையிலான தாமதமான லேட்டன்சிக்குச் ‘சுணக்கம்’. அகராதியைப் பார்த்து ‘மறைநிலை’ என்று எழுதுகிறார்கள், அது வேறு பொருள். வலைச் சுணக்கம், உள்ளீட்டுச் சுணக்கம் இரண்டும் இதில் அடங்கும். 2022இல் டிஎல்எஸ்எஸ் 3 கொண்டுவந்த ஃப்ரேம் உருவாக்கம் இச்சொல்லின் தேவையை இன்னும் கூட்டிவிட்டது. உண்மையான இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே ஒன்றைச் செருக வேண்டுமானால் பின்னதைச் சற்றுப் பிடித்துவைத்தாக வேண்டும். எண் 50லிருந்து 90க்கு ஏறும், கண்ணுக்கும் வழுக்கிக்கொண்டு போகும், விரலுக்குச் சுணக்கம் கூடும். திணறல் தெரியாமல் போகிறது, சுணக்கம் தங்கிவிடுகிறது.

மைக்ரோ ஸ்டட்டருக்கு ‘நுண்ணிடறல்’ என்று எழுதுகிறேன். ஷேடருக்கு ‘நிழற்றி’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஒளி, நிறம், ஏன் உருவ அசைவைக்கூட அந்த நிரல்தான் கணக்கிடுகிறது என்பதால் நிழல் என்ற வேரே எனக்கு நெருடுகிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் அங்கே எழுதுங்கள்.