சாங்ரியா ஏன் கசக்கிறது?

கேள்வி: சாங்ரியா (ஒயினில் பழம் ஊறவைத்துச் செய்யும் ஸ்பானிய பானம்) செய்ய, 750 மி.லி. சிவப்பு ஒயினில் 2 ஆரஞ்சு, 1 எலுமிச்சை தோலோடு நறுக்கிப் போட்டு, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தால் நாக்கில் கசப்பு ஒட்டுகிறது. எங்கே தப்பு?

பதில்: தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதிதான். ஆல்கஹால் அதிலுள்ள கசப்பை மெல்ல இழுத்துவிடும். மேல்தோலை மட்டும் மெல்லிசாகச் சீவுங்கள், வெள்ளையை உரித்து எறிந்துவிட்டுச் சுளையைப் போடுங்கள். 3 மணி நேரம் ஊறினால் போதும்.

பதில்: ஒயினையும் பாருங்க. ஓக் மரப் பீப்பாயில் பழகியது வேண்டாம், குளிரில் துவர்ப்பு இன்னும் தூக்கும். டெம்ப்ரானில்லோ, கர்னாச்சா திராட்சை வகைகளில் செய்த இளம் ஒயின்தான் சரி. சர்க்கரை 2 மேசைக்கரண்டி, அதே அளவு வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு ஊற்றுங்க. நேரே கொட்டினால் ஜாடி அடியில் மணல் மாதிரி தங்கிவிடும்.

பதில்: சோடாவும் ஐஸும் பரிமாறும்போது மட்டும். முன்பே சேர்த்தால் நுரை போய், நீர்த்து, சப்பென்று ஆகிவிடும்.