கம்பெனி ஆளுங்க நம்ம சங்கத்துக்கு காசு வாங்காம வந்து வேல செஞ்சு குடுத்த அனுபவம் இருக்கா? சொல்லுங்க

மேல்புறம் அக்கா:
2023ல மார்த்தாண்டம் தேனுக்கு புவிசார் குறியீடு கெடச்சதும் ஆர்டர் நல்லா வந்துச்சு, ஆனா எங்க குழுவுல பாட்டில் பொங்கித் திரும்பி வந்துட்டே இருந்துச்சு. அப்பதான் பெங்களூர்ல ஃபுட் கம்பெனில குவாலிட்டி பாக்குற பொண்ணு ஒண்ணு லீவு போட்டு வந்துச்சு. ரப்பர் தளிர் விடுற நேரம், அதான் தேன் சீசன், ஒருத்தருக்கும் நின்னு பேச முடியாது. அது தேன்ல ஈரம் எவ்வளவுன்னு காட்டுற ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு வச்சு எங்க மூத்த அக்கா கையில குடுத்துச்சு. ஈரம் 23 சதவீதம். சட்டப்படி 20 தாண்டக் கூடாதுல்லா. அக்கா ஒண்ணும் பேசல, நேரா போயி மெழுகு முழுசா மூடுன அடை ஒண்ண எடுத்து அதுலயும் ஒரு சொட்டு வச்சாவ. கோடு 20ல நின்னுச்சு. "மூடாத அடைய எடுக்காதேன்னு எனக்க அப்பா சொல்லுவாவ, இப்பதான் கண்ணால பாக்கேன்"னாவ. அந்த முகம் இன்னும் மறக்கல.

நாரோயில் ராஜா:
நல்ல பொண்ணு, சரி. ஆனா முக்காவாசி பேரு பெரிய கம்பெனி லாபத்துல 2% ஊருக்கு செலவு பண்ணணும்லா, அந்த சிஎஸ்ஆர் கணக்குல எழுதத்தான் வாறாவ. போட்டோ எடுத்தா வேல முடிஞ்சு.

தக்கலைக்காரன்:
ராஜா அண்ணாச்சி, அது தப்பு. 2014ல இருந்து கம்பெனி சட்டம் 135ஆம் பிரிவுப்படி 2% செலவு பண்ணணும், உண்மைதான், ஆனா ஊழியர் குடுக்குற நேரத்த ரூபாயா மாத்தி அதுல சேக்க முடியாதுன்னு அரசே சொல்லிருக்கு. நான் சென்னைல காஸ்டிங், அதாவது பொருளுக்கு செலவுக் கணக்கு போடுற வேல பாக்கேன், நம்ம ஊர் கருப்பட்டி குழுவுக்கு வெல போட்டுக் குடுக்க வந்தேன். வெறகு என்ன வெலன்னு ஒரு அம்மாட்ட கேட்டா "வெறகுக்கு வெலயா, நான்லா பொறக்கிட்டு வாறேன்"னாவ. பதனி காய்ச்ச அடுப்பு முன்னால எவ்வளவு நேரம் இருப்பீயன்னு கேட்டு அதையும் எழுதி கூட்டிக் காட்டுனேன். ரொம்ப நேரம் பேப்பரயே பாத்துட்டு, "அப்போ இம்புட்டு வருசமா எனக்க கூலிய விட்டுட்டா வித்தேன்?"னு கேட்டாவ. எனக்கு பதில் வரல. இதுல எங்க அண்ணாச்சி போட்டோ?

கொளச்சல் மினி:
எங்க குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) குழுவுக்கு ஒரு தம்பி அருமையா வெப்சைட் செஞ்சு குடுத்தான், பாஸ்வேர்ட் அவன்ட்டயே போச்சு, இப்பவும் பழைய வெலதான் அதுல கெடக்கு, கஸ்டமர் போன் பண்ணி அந்த வெலைக்கே கேக்காவ. அதனால எல்லாருக்கும் சொல்லுதேன், யாரு வந்தாலும் டொமைன் (வெப்சைட் முகவரி), ஈமெயில் எல்லாம் சங்கத்து பேருலயே எடுக்கச் சொல்லுங்க, ஓடிபி வாற நம்பர் தலைவிக்க நம்பரா இருக்கணும். என்ன செஞ்சு தரப் போறாவன்னு ஒரு பக்கத்துல தமிழ்ல எழுதி வாங்குங்க. போறதுக்கு முன்னால நம்ம பிள்ளைகள்ல ஒருத்தி அவிய கண்ணு முன்னாடி தானா வெல மாத்திக் காட்டணும், அவிய பக்கத்துல இருந்து சொல்லித் தரப்படாது. மேல்புறம் அக்கா, நீங்க சீசன்ல ஆள வரவிடாதீங்க, ஆடி ஆவணில மழ நேரத்துல கூப்பிடுங்க, அப்ப எல்லாரும் சும்மாதான இருப்பீய.

மேல்புறம் அக்கா:
சும்மா இல்ல மக்ளே. மழைக்கு தேனீக்கு சர்க்கரத் தண்ணி வைக்கலன்னா கூட்டம் ஓடிரும். ஆனா ஈரம் பாக்க சீசன்லதான் வரணும், மூடுன அடையும் மூடாத அடையும் அப்பதான ஒண்ணா இருக்கும்.