செடியா காரின் உயரத்தைக் குறைக்க எந்த ஸ்பிரிங், எந்த ஷாக் அப்சார்பர்?

பாளைச் செடியா:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2007ஆம் ஆண்டு மிட்சுபிஷி லான்சர் செடியா இருக்கிறது. திருவள்ளூர் ஆலையில் உருவான, இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட வண்டி. எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் எந்தக் குறையும் இல்லை. ஆனால் முன்புற ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிகிறது, பின்புறத்தவையும் ஓய்ந்துவிட்டன. எப்படியும் நான்கையும் மாற்றியாக வேண்டும் என்பதால், அதோடு சேர்த்து வண்டியை 30 முதல் 40 மில்லிமீட்டர் வரை இறக்கிவிடலாம் என்று எண்ணுகிறேன்.

வாரந்தோறும் நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு வழியாக நாகர்கோவில் செல்கிறேன். ஆனி, ஆடி மாதங்களில் முப்பந்தல் பக்கம் கணவாய்க் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும்போது ஸ்டீயரிங்கை விடாமல் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. விடுமுறை நாட்களில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாகப் பாபநாசம் செல்வேன். அந்த வழியின் வேகத்தடைகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

என் முன்னால் மூன்று வழிகள் உள்ளன. இருக்கும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடலாம் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். உயரம் குறைக்கும் ஸ்பிரிங்கை வரவழைத்துச் சாதாரண ஷாக் அப்சார்பருடன் பொருத்துவது இரண்டாவது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக இணைந்த, உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய காயிலோவர் முழுத் தொகுதி மூன்றாவது. எது நம் சாலைக்கு ஏற்றது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

வண்ணார்பேட்டைப் பட்டறை:

தம்பி, முதல் வழியை இப்போதே மறந்துவிடுங்கள். ஆறு சுற்றுகள் வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால், மீதியின் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். அந்தக் கூடுதலுக்கு ஏற்ற கட்டுப்பாடு உங்கள் ஷாக் அப்சார்பரில் இருக்காது. அதைவிட ஆபத்தானது, சக்கரம் முழுவதுமாகக் கீழே தொங்கும் நிலையில் குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவக்கூடும். வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராமல் ஒரே இடத்தில் பாரம் விழும்; முறிவு அங்கிருந்துதான் தொடங்கும். கேஸ் விளக்கால் சூடேற்றி இறக்குவது இதைவிட மோசம். எஃகின் பதம் போய்விடும், பிறகு அது தானாகவே அமர்ந்துகொண்டே போகும்.

அடுத்து, எத்தனை மில்லிமீட்டர் இறக்குவது என்பதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். நீங்கள் முதலில் அறிய வேண்டியது, சக்கரம் மேலே ஏறுவதற்கு இப்போது எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. ஸ்ட்ரட்டின், அதாவது ஸ்பிரிங்கைத் தாங்கும் முன்புற ஷாக் அப்சார்பரின், ரப்பர் உறையை மேலே தள்ளிவிட்டு, தண்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் டையை இறுக்கமாகக் கட்டிக்கொண்டு, நீங்கள் வழக்கமாகச் செல்லும் பாபநாசம் சாலையிலேயே ஓட்டிப் பாருங்கள். டை எங்கே போய் நிற்கிறதோ அதுவரை தண்டு உள்ளே போயிருக்கிறது. அதற்கும், தண்டின் பயணத்தை முடிவில் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்புக்கும் இடையே மிஞ்சுவதுதான் உங்கள் கையிருப்பு. எடுத்துக்காட்டாக, நின்ற நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப் வரை 70 மில்லிமீட்டர் இருந்து, அதே நீளமுள்ள ஷாக் அப்சார்பரோடு 40 மில்லிமீட்டர் இறக்கினால், 30 மட்டுமே மிஞ்சும். நான்கு பேர் ஏறி அமர்ந்தாலே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரத்தைத் தாங்குவது ஸ்பிரிங் அல்ல, பம்ப் ஸ்டாப்தான். இறக்கிய வண்டிகள் முரட்டுத்தனமாகக் குலுங்குவதற்கு ஸ்பிரிங்கின் விறைப்பைக் குறை சொல்கிறார்கள்; பெரும்பாலும் காரணம் இந்த இடப் பற்றாக்குறையே.

முன்புறத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. செடியாவின் முன்புறம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. வண்டி இறங்க இறங்க, சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை மேலே எழும்பும். அது உள்முனையின் மட்டத்தைத் தாண்டிவிட்டால், வண்டியின் எடை மையம் இறங்கியதைவிட வேகமாக, அது சாயும் மையம் இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூடுவதால், அதே விறைப்புள்ள ஸ்பிரிங்கில் வளைவில் முன்னைவிட அதிகமாகச் சாயும். ஆகவே சமதளத்தில் நிறுத்தி, லோயர் ஆர்ம் எவ்வளவு சரிந்திருக்கிறது என்று பாருங்கள். அந்தச் சரிவு தீரும் இடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. என் கணிப்பில், உங்கள் தேவைக்கு 25 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

அம்பை மலைச்சாலை:

அண்ணாச்சி சொன்னதோடு வேகத்தடைக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கலாம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட, 17 மீட்டர் ஆரமுள்ள வளைவாக இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான வடிவம் அது. உங்கள் வண்டியின் முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் 2.6 மீட்டர். முறையான வேகத்தடையின் மீது நான்கு சக்கரங்களும் நிற்கும்போது நடுவில் மேடு எழும்புவது சுமார் 5 சென்டிமீட்டர் மட்டுமே. ஆனால் ஊர் எல்லைகளில் தார்க் குவியலைக் கொட்டி எழுப்பிய குறுகிய மேடு, அதன் முழு உயரத்தையும் வண்டியின் வயிற்றுக்குக் காட்டும். எனவே உங்கள் வழியிலுள்ள மிக மோசமான மேட்டை ஓர் அளவுகோலை வைத்து அளந்துவிட்டு, மிஞ்சும் இடைவெளியைப் பிறகு கணக்கிடுங்கள்.

காயிலோவர் பற்றிச் சொல்ல வேண்டியது இதுதான். ஸ்பிரிங்கின் இருக்கையை மட்டும் கீழே திருகி உயரம் குறைக்கும் வகையில், உயரத்தோடு சேர்ந்து சக்கரத்தின் இயக்க இடமும் குறையும். கீழ்ப் பிடிப்புத் தனியாகத் திருகப்படும் வகையில், பிசி ரேசிங்கின் பிஆர் தொகுதி போன்றவற்றில், ஸ்ட்ரட்டின் உட்பயணத்தைத் தொடாமலே உயரத்தை மாற்றலாம். விலை கூடினாலும் நம் சாலைக்கு இரண்டாவது வகையே பொருந்தும். விறைப்பு எண்ணை வாசிக்கும்போதும் கவனம் தேவை: முன்புற ஸ்ட்ரட் கிட்டத்தட்ட சக்கரத்தோடு ஒன்றாக நகர்வதால் ஸ்பிரிங்கின் விறைப்பு ஏறக்குறைய அப்படியே சக்கரத்துக்குப் போகும்; பல இணைப்புத் தண்டுகள் சக்கரத்தைத் தாங்கும் பின்புற மல்டி லிங்க்கில் ஸ்பிரிங் சக்கரத்தைவிடக் குறைவாக நகரும் என்பதால், அந்த இரு நகர்வுகளின் விகிதத்தின் இருமடிப்படிதான் சக்கரத்துக்குக் கிடைக்கும். விகிதம் 0.7 என்றால் பாதி விறைப்புதான் மிஞ்சும். முன்புற எண்ணையும் பின்புற எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை.

லான்சரின் வேக வகையான எவோவுக்கு என்று விற்கப்படும் பாகங்களை, அடித்தளம் ஒன்றே என்ற நம்பிக்கையில் வாங்கிவிட வேண்டாம். செடியாவின் சிஎஸ் குறியீட்டுக்கு உரியது என்று பாக எண்ணைக் கொண்டு உறுதி செய்யுங்கள்.

பாளைச் செடியா:

அண்ணாச்சிகள் இருவருக்கும் நன்றி. லோயர் ஆர்மின் சரிவை இன்று மாலை பார்த்தேன். வெளிமுனை சற்றே தாழ்ந்துதான் இருக்கிறது. அப்படியானால் 25 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங்கையும் அதற்கு ஈடான ஷாக் அப்சார்பரையும் தேர்ந்தெடுப்பது போதுமா? காற்றில் அலைவதும் அதனால் தீருமா?

களக்காட்டு வாசகர்:

பொருத்துவதற்கு முன் சட்டத்தையும் கருத்தில் கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்பதை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 182ஏ பிரிவில் சேர்த்தது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனத்தோடு வாதாடுவது மிகவும் கடினம். பழைய ஸ்பிரிங்குகளைத் தூக்கிப் போடாமல் துணியில் சுற்றி வையுங்கள்.

வண்ணார்பேட்டைப் பட்டறை:

தம்பி, காற்றில் அலைவதற்கு உயரம் ஒன்றே காரணம் என்று எண்ண வேண்டாம். இத்தனை ஆண்டுகள் ஓடிய வண்டியில் லோயர் ஆர்ம் புஷ்களும் (மூட்டுகளிலுள்ள ரப்பர் உருளைகள்), ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்டும், பின்புற லிங்க் புஷ்களும் தளர்ந்திருந்தால், காற்று அடிக்கும்போது சக்கரத்தின் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது அது உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம், தானாக மாறும். ஸ்டீயரிங்கை நீங்கள் திருத்திக்கொண்டே இருப்பது அதனால்தான். இவற்றை முதலில் மாற்றி, பால் ஜாயிண்டுகளையும் பார்த்துவிட்டு, அசல் உயரத்திலேயே ஒருமுறை முப்பந்தல் வரை போய் வாருங்கள். பாலியூரித்தேன் புஷ் வேண்டாம். பல திசைகளில் முறுக்கிக்கொள்ள வேண்டிய மல்டி லிங்க்கில் அது இயக்கத்தைத் தடுக்கும், சத்தமும் கூடும். நிறுவனத்தின் ரப்பர் புஷ்ஷே போதும்.

பிறகு 25 மில்லிமீட்டர் ஸ்பிரிங் போதும். ஆனால் ஷாக் அப்சார்பர் அந்த ஸ்பிரிங்கின் விறைப்புக்கென்றே பரிந்துரைக்கப்பட்டதாக இருக்கட்டும். கேஒய்பியின் எக்செல்-ஜி நல்ல பொருள்தான், ஆனால் அது அசல் உயரத்துக்கும் அசல் விறைப்புக்கும் ஈடாகச் செய்யப்பட்டது. பம்ப் ஸ்டாப்பைக் குறுக்கச் சொல்லி ஸ்பிரிங் தயாரிப்பாளர் அளவு கொடுத்திருந்தால், அந்த அளவை மட்டுமே வெட்டுங்கள்.

பொருத்தும்போது பட்டறைக்காரர் அருகிலேயே நில்லுங்கள். புஷ்ஷின் போல்ட்டுகளை வண்டி லிஃப்ட்டில் தொங்கும்போது முழுதாக இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். சக்கரம் தரையில் பாரம் தாங்கும்போதுதான் இறுதி இறுக்கம் கொடுக்க வேண்டும். அதன்பின் சில நாட்கள் ஓட்டி ஸ்பிரிங் அமர்ந்ததும் அலைன்மெண்ட் செய்யுங்கள். சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வான கேம்பரை மாற்றினால் டோவும் மாறும் என்பதால் கேம்பரை முதலில் சரிபார்க்கச் சொல்லுங்கள். உயரத்தை எப்போதும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து, வேலைக்கு முன்னும் பின்னும் நான்கு மூலைகளின் எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.