மருத்துவமனைக் கழிவுநீரில் மருந்து எச்சம்: ஓசோனா, புற ஊதா விளக்கா?

நண்பர்களே, வணக்கம். ஒரு மருத்துவமனையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என் பொறுப்பில் இருக்கிறது. நீரில் உள்ள கரிம மாசைக் காட்டும் பிஓடி, சிஓடி அளவுகள் எல்லாம் வரம்புக்குள்தான். ஆனால் வலிப்புக்குத் தரும் கார்பமசெபினை காற்று செலுத்தும் ஏரேஷன் தொட்டிப் பாக்டீரியா அநேகமாகத் தொடுவதே இல்லை. வலி நிவாரணியான டைக்ளோஃபெனாக்கும் பாதிக்கு மேல் தப்பிவிடும். அந்த நீர்தான் தோட்டத்துக்குப் போகிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் பாறு கழுகுகளை என்ன பாடுபடுத்தியது என்று நமக்குத் தெரியும். சும்மா இருக்க மனம் வரவில்லை.

கடைசிக் கட்டமாக மேம்பட்ட ஆக்சிஜனேற்றம் (மருந்து மூலக்கூறுகளை வேதி முறையில் சிதைப்பது) சேர்க்க நிர்வாகம் சரி என்றுவிட்டது. இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்க்கும் ஃபென்டன் முறை வேண்டாம் என்பது என் எண்ணம்: பிஹெச்சை 3 வரை இறக்கி, மறுபடி ஏற்றி, இரும்புச் சேற்றை வேறு அள்ள வேண்டும். மிச்சம் இருப்பது ஓசோன், அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடோடு புற ஊதா விளக்கு. எங்கள் போர்வெல் நீரில் பைகார்பனேட் அதிகம். மருந்தைச் சிதைக்க வேண்டிய ஹைட்ராக்சில் ரேடிக்கலை அது தின்றுவிடும். புரோமைடு இருந்தால் ஓசோன் அதை நச்சுத்தன்மையுள்ள புரோமேட் ஆக்கிவிடும் என்ற பயமும் இருக்கிறது.

இப்படிப்பட்ட உப்பு நீரில் இவற்றை ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? ஓசோன் அளவை எப்படி முடிவு செய்தீர்கள்? பின்னால் கரி வடிகட்டி வைத்தீர்களா? மிஞ்சும் பெராக்சைடு சிஓடி அளவைக் கூட்டிக் காட்டுமே, சோதனைக்கு முன் அதை எப்படி நீக்குகிறீர்கள்? மருந்து எச்சத்தை நானோகிராம் அளவில் பார்த்துத் தரும் ஆய்வகம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.