மறு: மறு: ‘டபுள் குரோஷே’வைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

நுனியில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் குரோஷேயில், ‘டபுள்’ என்ற பின்னலுக்கு என்ன பெயர் வைப்பது என்று நாம் பேசிவரும் மடல்களை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். கிறிஸ்துமஸ் ஆர்டர் தலைக்குமேல் கிடந்ததால் பதில் எழுதத் தாமதம்.

> நேரடி மொழிபெயர்ப்பாக ‘இரட்டைப் பின்னல்’ என்றே வைத்துவிடலாமே?

சார், கோபித்துக்கொள்ளக் கூடாது. களியக்காவிளைப் பக்கம் எங்கள் மகளிர் குழுவில் இதை வாசித்துக் காட்டியதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இரட்டைப் பின்னல் என்றால் ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் தலைதான் அவர்கள் கண்ணுக்கு வருகிறது. அதைக்கூடப் பழக்கிவிடலாம். மூலச்சொல்லிலேயே வில்லங்கம் இருக்கிறதே! அமெரிக்கர்கள் ‘சிங்கிள்’ என்பதைத்தான் பிரிட்டன்காரர்கள் ‘டபுள்’ என்கிறார்கள். அமெரிக்க ‘டபுள்’ அங்கே போனால் ‘ட்ரெபிள்’. இதில் எந்த டபுளை நாம் இரட்டை ஆக்குவது?

இது ஏட்டுச் சண்டை இல்லை. போன வருஷம் கையைச் சுட்டுக்கொண்டோம். மரத்தில் தொங்கவிடும் ஆறு முனை நட்சத்திரத்துக்கு இணையத்தில் ஓர் அமெரிக்க மாதிரி கிடைத்தது. நடுவட்டத்துக்கு முதலில் 12 டபுள், அடுத்து 24 டபுள். எங்கள் மூத்த அக்கா பிரிட்டிஷ் முறையில் பழகியவர். அவர் கைக்கு டபுள் என்றால் குட்டையானது. எண்ணிக்கை மாதிரியில் உள்ளபடி, உயரமோ பாதிகூட இல்லை. அத்தனையும் நிற்க இடம் போதாமல், எண்ணெயில் விழுந்த பப்படம்போல விளிம்பு நெளிந்துகொண்டது. தெர்மாகோல் அட்டையில் குண்டூசி குத்தி, மரச்சீனி மாவில் காய்ச்சிய கஞ்சியைத் தடவி, ஒரு பகல் முழுக்கக் காயவைத்துப் பார்த்தோம். ஊசியை எடுத்ததும் மறுபடி அதே நெளிவு. 40 நட்சத்திரம்! கஞ்சி குடித்த நாலைத் தவிர மற்றதை எல்லாம் பிரித்துப் பந்தாகச் சுற்றினோம். குரோஷேயில் அந்த ஒரு நிம்மதி உண்டு. கம்பளிப் பின்னலில் (நிட்டிங்) ஒரு வரிசைக் கண்ணி முழுதும் ஊசியில் காத்திருக்கும். இதில் ஒரே ஒரு கண்ணிதான். நுனியை இழுத்தால் சரசரவென்று வந்துவிடும்.

(கஞ்சி என்றதும் ஞாபகம் வருகிறது. சர்க்கரைப்பாகு தடவினாலும் விறைப்பாக நிற்கும் என்று பழைய குறிப்புகளில் உண்டு. நம் ஊருக்கு வேண்டாம். குடிலில் மாட்டின மறுநாளே எறும்பு சாரை சாரையாக வரும்.)

அதனால் ஆங்கிலச் சொல்லை மறந்துவிட்டு, கை என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஊசியில் ஒரு கண்ணி இருக்கிறது. நூலைச் சுற்றாமலே கீழ்வரிசைக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணி சேரும். இரண்டையும் ஒரே இழுப்பில் கழற்றினால் குட்டையாக ஒன்று நிற்கும். உள்ளே விடுவதற்கு முன் ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டால் மூன்று சேரும். இரண்டிரண்டாக இருமுறை கழற்ற வேண்டும், உயரம் கூடும். இருமுறை சுற்றினால் மும்முறை கழற்றல், இன்னும் உயரம். எத்தனை சுற்று என்பதுதான் உயரத்தைத் தீர்மானிக்கிறது. பெயரும் அதிலிருந்தே வரட்டும்:

வெறுந்தூண், ஒருசுற்றுத் தூண், இருசுற்றுத் தூண்.

இதில் அமெரிக்காவும் இல்லை, பிரிட்டனும் இல்லை. ஜெர்மன்காரர்களும் உயரமானதைச் ‘சின்னக் குச்சி’ என்றுதான் சொல்கிறார்கள், நிற்கிற தோற்றத்தை வைத்து. எங்கள் குழுவில் முதலில் வாயில் வந்தது ‘கால்’. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குட்டைக்கும் உயரத்துக்கும் நடுவில் நிற்கும் ‘ஹாஃப் டபுள்’ வந்ததும் அது அரைக்கால் ஆகிவிட்டது. அரைக்கால் நம் கணக்கில் எட்டில் ஒன்று. வாய்ப்பாடு படித்த பெரியவர்கள் விட மாட்டார்கள். அரைத்தூண் என்றால் தொந்தரவில்லை.

> குரோஷே என்ற மொத்தக் கலைக்கே ‘ரேந்தை’ என்ற பழைய சொல் இருக்கிறதே?

எனக்கும் பிடித்த சொல்தான், அம்மச்சி வாயில் கேட்டிருக்கிறேன். ஜன்னல், அலமாரி, சாவியோடு போர்த்துகீசியத்திலிருந்து வந்தது, அங்கே ‘ரெண்டா’. ஆனால் அது லேஸ் எல்லாவற்றுக்கும் பொது. 1820களில் மிஷனரி மால்ட்டின் மனைவி நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ், தலையணைமேல் நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது. அதில் கொக்கி கிடையாது. அதையும் இதையும் ஒரே பெயரில் அடைத்தால் பிறகு பிரிக்க முடியாது. குரோஷே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே சின்னக் கொக்கி என்றுதான் பொருள். கொக்கிப்பின்னல் போதும். ‘கொளுத்து’ மலையாளத்திலும் நம் பேச்சிலும் கொக்கிதான். ஆனால் வடக்கே இருப்பவர்கள் ‘கொளுத்துப்பின்னல்’ என்று படித்தால் தீப்பெட்டியைத் தேடுவார்கள்.

———

> ஒருசுற்றுத் தூண் அழகு. ஆனால் மாதிரிகளில் ‘ரவுண்ட்’ வருமே? ‘இரண்டாம் சுற்றில் 24 ஒருசுற்றுத் தூண்’ என்று எழுதினால் எந்தச் சுற்று என்று கேட்பார்கள். ‘ஒருபுரித் தூண்’ ஆக்கலாமா? வலம்புரிச் சங்கில் புரி என்பது சுற்றுதானே. (திருத்தணியிலிருந்து)

தங்கச்சி, சரியான இடத்தில் பிடித்தாய். எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை. ஆனால் புரியை எடுத்தால் வேறொரு முள் தைக்கும். இங்கே கயிறு திரிக்கிறவர்களுக்குப் புரி என்றால் இழை. நூல் வாங்கும்போதே இரண்டு புரியா மூன்று புரியா என்று கேட்போம். இருபுரித் தூண் என்றால் நூலை மாற்றச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடுவார்கள். ஊசியில் சுற்றுவதைச் சுற்று என்றே விட்டுவிட்டு, ‘ரவுண்’டை வட்டம் ஆக்கிவிடலாம். குழுவில் கேட்டேன், ‘அது வட்டந்தானே’ என்றார்கள்.

ஆந்திராவின் நர்சாபூரில் ‘லேஸு அல்லிகலு’ என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். 2024இல் புவிசார் குறியீடு வாங்கிய குரோஷே லேஸ் அது. அந்தப் பெண்கள் இந்தத் தூணுக்கெல்லாம் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெலுங்கு தெரிந்த நீதான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

மற்றவை சட்டென்று அமைந்துவிட்டன. ‘செயின்’ சங்கிலிக்கண்ணி. தொடக்கத்தில் இழுத்து இறுக்கும் ‘மேஜிக் ரிங்’குக்குச் சுருக்கு, சுருக்குப் பை இருக்கும்போது மந்திரம் எதற்கு? வட்டத்தை மூடும் ‘ஸ்லிப் ஸ்டிச்’ பூட்டு. அந்த நட்சத்திரத்துக்கு இந்தச் சொற்களை வைத்து நேற்று எழுதிய மாதிரித் தாள் இப்படித் தொடங்குகிறது:

சுருக்கு போடவும்.
வட்டம் 1: 3 சங்கிலிக்கண்ணி (ஒரு தூணாகக் கணக்கு), சுருக்குக்குள் 11 ஒருசுற்றுத் தூண், பூட்டு. மொத்தம் 12.
வட்டம் 2: 3 சங்கிலிக்கண்ணி, அதே இடத்தில் 1 ஒருசுற்றுத் தூண். மற்ற 11 தூணிலும் இரண்டிரண்டு. பூட்டு. மொத்தம் 24.

மூத்த அக்காவிடம் தாளை மட்டும் கொடுத்துவிட்டு நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது மேசைமேல் நடுவட்டம் தட்டையாகக் கிடந்தது. முனையில் வரும் ‘பிக்கோ’ என்ற குட்டி முடிச்சுக்கு மட்டும் தாளில் இடம் விட்டிருந்தேன். அக்கா அங்கே பென்சிலால் ‘மொட்டு’ என்று எழுதி வைத்திருக்கிறார். வேறு யாருக்காவது வேறு சொல் தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்றைக்குத் தாள் அச்சுக்குப் போகிறது.