ஒப்படைவுத் தாளில் ஓடிப்போன ஒன்பதாவதும் பத்தாவதும்: உங்கள் வீட்டில், உங்கள் வகுப்பில் என்ன நடந்தது?

கணக்கு ஆசிரியை, பென்னாகரம் பக்கம்

போன சனிக்கிழமை பள்ளி பீரோவை ஒழித்தபோது 2021-ஆம் வருடத்து ஒப்படைவுக் கட்டு ஒன்று கிடைத்தது. ஒப்படைவு என்றால் பள்ளி மூடியிருந்தபோது வீட்டிலேயே எழுதிக் கொடுக்கச் சொன்ன அசைன்மென்ட் தாள். பத்தாம் வகுப்புக் கணக்கு, முப்பத்தெட்டுப் பிள்ளைகளுடையது. பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட மனசு வரவில்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத வேண்டும் என்று தோன்றியது. மற்றவர்களும் எழுதுங்கள்.

அந்த முப்பத்தெட்டுப் பேரின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளி மூடியபோது எட்டாம் வகுப்பில் இருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு 2021 பிப்ரவரி 8-இல் பள்ளி திறந்தது, மார்ச் 22-இல் மறுபடியும் மூடியது. ஆக, ஒன்பதாவது முழுவதும் சேர்த்து அவர்கள் வகுப்பில் உட்கார்ந்தது ஆறே வாரம். பத்தாவதுக்கு வந்த பிறகும் செப்டம்பர் 1 வரை பள்ளி இல்லை. கல்வித் தொலைக்காட்சி இருந்தது, வாட்ஸ்அப் இருந்தது, அப்புறம் இந்த ஒப்படைவு.

எப்படி நடந்தது என்றால், பாடவாரியாக வினாக்கள் பி.டி.எஃப்-ஆக வரும். போன் இருக்கிற வீட்டுக்கு அதை அப்படியே அனுப்பிவிடுவோம். முப்பத்தெட்டில் பதினான்கு வீட்டில்தான் டச் போன். அதிலும் பாதி அப்பா பாக்கெட்டில் வேலைக்குப் போய்விடும். மற்றவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நானும் அறிவியல் சாரும் ஊர் ஊராகப் போவோம். மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்து புதுத் தாளைக் கொடுத்து எழுதிய தாளை வாங்கிக்கொள்வோம். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரியும். "புரிஞ்சுதாடா?" என்றால் தலை ஆட்டுவார்கள். பின்னால் ஆடு காத்துக்கொண்டிருக்கும், ஓடிவிடுவார்கள்.

தாள்கள் எல்லாம் அழகாக நிரம்பி வந்தன. எண்பதுக்குக் கீழே யாருக்குமே மதிப்பெண் போட வேண்டியிருக்கவில்லை. சந்தோஷமாகப் பதிவேட்டில் ஏற்றினேன்.

செப்டம்பரில் பள்ளி திறந்தது, ஒரு அறைக்கு இருபது பேர். இரண்டாவது நாளே சின்னதாக ஒரு தேர்வு வைத்தேன். ஈருறுப்புக் கோவைகள் இரண்டைப் பெருக்கி விரித்தெழுதச் சொல்லும் கணக்கு ஒன்று, எட்டாவதிலேயே வருவது. இதே கணக்கு ஒப்படைவின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது, முப்பத்தெட்டுப் பேரும் சரியாக எழுதியிருந்தார்கள். கரும்பலகையில் எழுதிப்போட்டபோது போட்டு முடித்தவர்கள் பதினொரு பேர்.

அன்று சாயங்காலம்தான் அந்தக் கட்டை எடுத்து எழுத்தைப் பார்த்தேன். விடையைத் திருத்தியிருந்தேனே தவிர, கையெழுத்தை அதுவரை பார்க்கவே இல்லை. ஒரு பையனின் மூன்று தாள்கள் குண்டு குண்டாக, நேர்கோட்டில், ஒரு அடித்தல் கூட இல்லாமல் இருந்தன. கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவே இல்லை. "மிஸ், நான் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலைக்குப் போயிட்டேன். அக்காதான் எழுதுச்சு." அவன் அக்கா பி.எஸ்சி. முதல் வருடம். தம்பி பெயில் ஆகிவிடக் கூடாதே என்று ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். யாரைத் திட்டுவது?

அதைவிட என்னை உலுக்கியது வடிவியல். பத்தாவதில் செய்முறை வடிவியலும் வரைபடமும்தான் மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு உயிர். எட்டும் எட்டும் பதினாறு மதிப்பெண். வட்டத்துக்குத் தொடுகோடு வரையச் சொன்ன தாள்களைப் பார்க்கிறேன், படம் சரியாக இருக்கிறது. ஆனால் பாதித் தாள்களில் வில்லே இல்லை. கவராயம் வைத்து வில் வெட்டினால்தானே தொடுபுள்ளி கிடைக்கும்? இவர்கள் விடைப் படத்தைப் பார்த்து அளவுகோலை வைத்துக் கோட்டை இழுத்திருக்கிறார்கள். வகுப்பு என்றால் பெஞ்சு நடுவில் நடந்து போகும்போதே கை எப்படிப் பிடிக்கிறது என்று கண்ணில் பட்டுவிடும். தாளுக்கு முடிந்த படம்தான் தெரியும், அது வந்த வழி தெரியாது. வாட்ஸ்அப்பில் சாய்வாகப் பிடித்த போட்டோவில் அதுவும் தெரியாது.

2022 மே மாதம் பொதுத்தேர்வு, அதுவும் குறைத்த பாடத்திட்டம். முப்பத்தைந்து பேர் எழுதினார்கள், இருபத்தொன்பது பேர் தேர்ச்சி. எழுதாத மூன்று பேரில் இரண்டு பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. (இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே முடியாது.) மாநில அளவிலேயே 2019-இல் 95.2 ஆக இருந்த பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு அந்த வருடம் 90.07. எங்கள் பள்ளி அதற்கும் கீழே.

ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்லாமல் விடக் கூடாது. வகுப்பில் வாயே திறக்காத பெண். பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். அவளுடைய தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் பென்சிலில் பொடி எழுத்து: "மிஸ் இந்த ஸ்டெப்பில் மைனஸ் எப்படி வந்தது?" சிவப்பு மையில் பதில் எழுதி அனுப்பினேன். அடுத்த தாளில் மூன்று கேள்வி. அதற்கடுத்து ஐந்து. சனிக்கிழமை எண்ணிப் பார்த்தேன், மொத்தம் இருபத்திரண்டு. எட்டாவதில் கணக்கில் நாற்பதைத் தாண்டாதவள் பொதுத்தேர்வில் 78 வாங்கினாள். அதே ஒப்படைவு, அதே வீட்டு நிலைமை.


செக்கிங் வேலை, திருப்பூர்

டீச்சர், நீங்க எழுதினதப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேனுங்க. எம் பொண்ணு அப்ப ஒன்பதாவது. நான் பனியன் கம்பெனியில செக்கிங். வீட்ல ஒரே போன், அதுவும் என்கிட்ட. ஷிப்ட் முடிஞ்சு வர ஒன்பது ஆயிரும். அதுக்கப்புறம் குரூப்ல வந்ததப் பாத்து நோட்டுல எழுதிக்குவா, தூக்கத்துலயே.

டிவியில பாடம் நல்லாத்தான் நடத்துனாங்க. ஆனா ஒரு தடவ ஓடிட்டாப் போச்சு. "இரும்மா, புரியல"ன்னு டிவிகிட்டச் சொல்ல முடியுங்களா? பக்கத்து வீட்டு அக்கா பையன் இன்ஜினியரிங், அவன்கிட்டப் போய்க் கேளுன்னு சொன்னா கூச்சப்படுவா.

தாளுக்கு அடியில பெற்றோர் கையொப்பம்னு இருக்கும். நான் எட்டாவது வரைக்கும்தான். என்ன எழுதியிருக்கான்னு தெரியாமலே எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டேன். கைடு பாத்து எழுதறாள்னு தெரியும். எழுதுறாளே, அதுவே போதும்னு நெனச்சேன். பத்தாவதுல கணக்குல போயி, துணைத் தேர்வு எழுதித்தான் பாஸ் ஆனா. இப்ப டிப்ளமா படிக்கிறா. இன்னைக்கும் கணக்குன்னா மொகம் சுருங்கிரும். அந்தக் கையெழுத்து எனக்கு உறுத்திக்கிட்டே இருக்குதுங்க.


2021-இல் பத்தாவது, விழுப்புரம்

நான் மிஸ் சொன்ன பேட்சுக்கு ஒரு வருடம் மூத்தவன். எங்களுக்குப் பத்தாவது பொதுத்தேர்வே கிடையாது. 2021 பிப்ரவரி 25-ஆம் தேதி ஒன்பது, பத்து, பதினொன்று எல்லாருக்கும் ஆல் பாஸ் என்று அறிவித்தார்கள். அன்று தெருவில் பட்டாசு வெடித்தோம். சர்டிபிகேட் வந்தபோது மார்க் இருக்க வேண்டிய இடத்தில் மார்க் இல்லை, தேர்ச்சி என்று மட்டும் இருந்தது. கேட்ட குரூப் கிடைத்தது. பயாலஜி எடுத்தேன்.

பதினொன்றாவதிலும் செப்டம்பர் வரை வீட்டில்தான். வாட்ஸ்அப்பில் வினாத்தாள் வரும், எழுதி போட்டோ எடுத்து அனுப்பினால் அதுதான் அலகுத் தேர்வு. புத்தகத்தைத் திறந்து வைத்துத்தான் எழுதினேன். எல்லாரும் அப்படித்தான். பிசிக்ஸில் முழு மார்க் வாங்கியிருக்கிறேன், வெக்டார் என்றால் என்னவென்று தெரியாமல்.

பள்ளி திறந்து முதல் தேர்வு. ஒரு மணி நேரம் எழுதியதும் கை வலித்து நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவனும் விரலை உதறிக்கொண்டிருந்தான். ஒன்றரை வருடமாக உட்கார்ந்து தொடர்ந்து எழுதியதே இல்லை. தெரிந்த பதிலையும் முடிக்க முடியவில்லை. படிப்பு போனது பற்றிப் பேசுகிறார்கள், கை போனது பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

என் சிநேகிதனுக்குப் பிளஸ் ஒன் பொதுத்தேர்வில் மூன்று பாடம் அரியர். என்னைவிட நன்றாகப் படித்தவன். எட்டாவது வரை அவன்தான் எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தான். பிளஸ் டூவுக்குப் பாதி நாள் வரவில்லை, செல்போன் சர்வீஸ் கடையில் உட்கார்ந்துவிட்டான். 2023 மார்ச் 13, தமிழ்த் தேர்வு. ஹாலில் அவன் நம்பர் ஒட்டிய மேஜை காலியாக இருந்தது. அதைத் தவிர இன்னும் இரண்டு. அன்று மாநிலம் முழுக்க ஐம்பதாயிரம் பேருக்கு மேல் மொழித்தேர்வுக்கு வரவில்லை என்று செய்தி வந்தபோது பலர் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் பேட்ச் அது. பத்தாவதில் யாருக்கும் தெரியாமல் மூடிப்போனது பிளஸ் டூவில் வெளியே வந்தது.

நான் தப்பித்ததற்குக் காரணம் என் சித்தப்பா. ரிட்டயர்டு வாத்தியார். 2021 அக்டோபரிலிருந்து தினமும் காலை ஐந்து மணிக்கு எழுப்பி, ஒன்பதாவது புத்தகத்திலிருந்து ஆரம்பித்தார். பதினொன்றாவது படிக்கும் பையன் ஒன்பதாவது புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருவது எவ்வளவு வெட்கம் தெரியுமா? ஆனால் அதுதான் என்னைக் காப்பாற்றியது. என் சிநேகிதனுக்கு அப்படி ஒரு சித்தப்பா இல்லை.


தமிழாசிரியர், மதுரை

எல்லாவற்றையும் தாளின் மேல் போட்டுவிட வேண்டாம் என்று என் அனுபவத்தில் தோன்றுகிறது. தமிழில் எனக்கு வேறு மாதிரி நடந்தது. வகுப்பில் நாற்பது நிமிடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால் முன்னுரை, முடிவுரை என்று மனப்பாடமாகத்தான் வரும். ஒரு வாரம் நேரம் கொடுத்து, 'நீங்கள் அன்றாடம் செய்யும் வேலை' என்று வீட்டுக்கு அனுப்பினேன். ஒரு பையன் கிடை போடுவதைப் பற்றி, அதாவது ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்து வைப்பதைப் பற்றி, நான்கு பக்கம் எழுதியிருந்தான். ஆட்டுக்கு வரும் நோய்களின் பெயர் மட்டும் ஏழு. கைடில் இல்லாத தலைப்பு என்பதால் அவன் கையெழுத்தில், அவன் பேச்சில் வந்தது. ஆனால் இலக்கணம்? அலகிடுதல், அதாவது செய்யுளை அசை அசையாகப் பிரித்து வாய்பாடு சொல்வது, ஒருவருக்கும் வரவில்லை. அது எதிரே நின்று சொல்லிக்கொடுத்தால்தான் வரும். கணக்கு டீச்சர் சொல்லும் வில் மாதிரிதான் அதுவும்.


கணக்கு ஆசிரியை, பென்னாகரம் பக்கம்

திருப்பூர் அம்மா, அந்தக் கையெழுத்துக்காக நீங்கள் வருத்தப்படக் கூடாது. பாடத்தைச் சரிபார்க்கும் வேலையை உங்களிடம் கொடுத்தது நாங்கள். பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தீர்களே, அது பெரிது. முடிந்தால் உங்கள் மகளுக்கு எட்டாவது, ஒன்பதாவது கணக்குப் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். தம்பி சொன்னது சரி. விட்டுப்போன இடத்திலிருந்துதான் பிடித்து ஏற வேண்டும். டிப்ளமா படிப்பவள் என்றாலும் வெட்கம் வேண்டாம்.

தம்பி, கை வலித்தது பற்றி நீ எழுதியது எனக்குச் சுருக்கென்றது. அந்த வருடம் பிள்ளைகள் பாதியில் பேனாவை வைத்தபோது சோம்பல் என்று திட்டியிருக்கிறேன்.

உங்கள் பதிவுகளைப் படித்த பிறகு கட்டை மறுபடியும் எடுத்து, மற்ற முப்பத்தேழு பேர் தாள்களையும் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எல்லாம் வெள்ளையாக இருக்கிறது. அந்தப் பெண்ணிடமும் நான் கேள்வி எழுது என்று சொல்லவில்லை. அவளாக எழுதினாள். புரியாததைப் பின்பக்கத்தில் எழுது என்று ஒரு வரி தாளின் அடியில் போட்டிருக்கலாம். முப்பத்தெட்டுப் பேருக்கும் போயிருக்கும். எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை வீட்டுப்பாடத் தாளில் அந்த வரியைப் போட்டுக் கொடுத்தேன். இன்று நாற்பத்தொரு தாள் திரும்பி வந்தது. ஆறில் பின்பக்கம் எழுத்து இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு அந்த ஆறுக்கும் பதில் எழுத உட்கார வேண்டும்.