காப்பகத்தின் பின்முற்றம்: சிமென்ட்டைப் பெயர்த்த பிறகு முதலில் எதைச் செய்வது?

கேள்வி:
எங்கள் காப்பகத்தில் 2 முதல் 5 வயது வரை 24 குழந்தைகள் இருக்கிறார்கள். பின்முற்றத்தில் சிமென்ட் தரை, ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம், மூலையில் ஒரு பெரிய மரம். சிமென்ட்டைப் பெயர்த்துவிட்டு மண், செடி, மரம் என்று மாற்றப்போகிறோம். சாதனம் விற்பவர்கள் மரக்கோட்டை, கயிற்றுப்பாலம் என்று படம் காட்டுகிறார்கள். வாங்கினால் பணம் முழுவதும் அதிலேயே போய்விடும். மண்ணில் கிருமி இருக்கும் என்று சில பெற்றோருக்குப் பயம் வேறு. எங்கே தொடங்குவது?

பதில் 1:
கோட்டை வேண்டாம், முதலில் தரையைக் கவனியுங்கள். 11 வருடமாகக் காப்பகம் நடத்துகிறேன். நாங்கள் செய்ததிலேயே உருப்படியானது, மணல்குழிக்குத் தோண்டிய மண்ணைக் குவித்த மேடுதான். இடுப்பளவு உயரம். சறுக்குமரத்தை அதன் சரிவிலேயே பதித்துவிட்டோம். ஏணி கிடையாது, அதனால் ஏணியிலிருந்து விழும் பயமும் இல்லை. சின்னது தவழ்ந்து ஏறும், பெரியது ஓடி ஏறும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்த மண்ணை மரத்தடியில் கொட்டாதீர்கள். வேருக்குக் காற்றுப் போகாது. எங்கள் மரம் ஒன்று இப்படித்தான் பட்டுப்போனது. உச்சிக் கிளைகள் காய ஆரம்பித்தபோதுதான் எங்களுக்கே காரணம் புரிந்தது. அதன் நிழலில் தூங்கி எழுந்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. மரத்தடியில் மரப்பட்டைத் துண்டுகளைப் பரப்பினால் போதும், அடிமரத்தில் ஒட்டாமல்.

அப்புறம் பிள்ளைகள் எடுத்து விளையாடக் குச்சி, பலகை, வாளி, கைக்கு அடங்காத பெரிய கல் போட்டுவையுங்கள். 1943-ல் டென்மார்க்கில் கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளர் இப்படிப் பழைய சாமான்களைப் போட்டே ஒரு மைதானம் அமைக்க வைத்தார். அவர் அழகாக வடிவமைத்த மைதானங்களைவிடக் கட்டட வேலை நடக்கும் இடங்கள்தான் பிள்ளைகளை இழுத்தன.

பெற்றோரிடம் 2020-ல் வெளியான பின்லாந்து ஆய்வைச் சொல்லுங்கள். காப்பக முற்றங்களில் காட்டிலிருந்து பெயர்த்தெடுத்த தரையையும் புல்லையும் பரப்பினார்கள். 28 நாளில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் தோலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. ரத்தத்தில் நோய் எதிர்ப்பு சீராக இருப்பதைக் காட்டும் அறிகுறிகளும் கூடின.

பதில் 2:
அரளி, ஆமணக்கு, ஊமத்தை, குன்றிமணி எதுவும் முற்றத்தில் இருக்கக் கூடாது. நாலும் விஷம். மணல்குழிக்கு இரவில் மூடி வேண்டும், இல்லாவிட்டால் பூனை வந்து அசுத்தம் செய்யும். கட்டைகளுக்கு நடுவே 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட சந்து விடாதீர்கள், உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். தண்ணீர் ஓடலாம், தேங்கவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மூன்று நாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். சறுக்குமரத்தை விட்டுவிட்டு, மரவேரில் எறும்பு போகும் வரிசைக்குப் பக்கத்திலேயே எல்லோரும் குந்தியிருக்கிறார்கள். அந்த மூலையைத் தொடாமல், மேட்டை எதிர்ப்பக்கம் போடுகிறோம். மேட்டில் புல் நிற்குமா?

பதில் 1:
ஏறும் பாதையில் நிற்காது, ஓரங்களில் நிற்கும். பாதையில் நாலைந்து மரக்கட்டைகளைப் படிபோல ஆழமாகப் புதையுங்கள். மழைக்கு மண் கரையாது.